வெண்டிலேட்டரில் ஒட்டிய அட்டை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு சோப்புத் தண்ணீர் டப்பாவைக் கொடுத்திருப்பார்கள். ரெகுலேட்டரிலும் டியூபிலும் தடவு, குமிழ் வந்தால் லீக், வராவிட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பு என்று சொல்லியிருப்பார்கள். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த டப்பாவால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். புதுப் பையன்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேஸ் ஏஜென்சியில் கேட்டார்கள். என் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் டீக்கடையில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு மூக்கு மெக்கானிக் என்று ஒரு பெயர் உண்டு. சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்தவன் மெக்கானிக் ஆனதே அந்த மூக்கால்தான். கேட்டைத் திறக்கும்போதே இந்த வீட்டில் லீக் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை படிக்கட்டில் நின்றபடியே மேல்மாடி வீட்டு ரப்பர் டியூபில் எலி கடித்திருக்கிறது என்று சொன்னேன், அப்படியே இருந்தது. அதன்பிறகு பிளாக் பெண்கள், "அவரக் கூப்பிடுங்க, மோந்து பாத்தே சொல்லிடுவாரு" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிலிண்டர் கேஸுக்கு வாசனை இருக்கிறதே, அது நாம் கண்டுபிடிப்பதற்காகவே கலந்து அனுப்புவது. அதைக் கண்டுபிடிப்பதில் என்ன பெருமை என்று அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஞானவேல் அண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பார்க்கிறவர், பெர்மனென்ட். சொந்த ஊர் திருவதிகைப் பக்கம். அவரும் அவர் மனைவி அமுதாக்காவும் பழைய மாடல் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஒரே மகள் சுகன்யா, கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மார்கழி மாதம். பெண் குழந்தை பிறந்து, மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரப்போகிறாள். பிள்ளை பெற்றவளுக்குத் தினமும் வெந்நீர் வேண்டுமே என்று அண்ணன் ஒரு கேஸ் கீசர் வாங்கி வைத்து, அதை மாட்ட என்னைக் கூப்பிட்டார்.

குளியலறை ஓர் ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அளவு. மேலே ஒரு வெண்டிலேட்டர். கீசரைச் சுவரில் மாட்டி, சிலிண்டரை வெளியே வைத்து, பற்றவைத்தேன். வெண்டிலேட்டர் வழியாக மார்கழிக் காற்று நேராக வந்து பர்னரில் மோதியது. எரிவதும் அணைவதுமாக இருந்தது. அமுதாக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புள்ள பெத்தவ குளிக்கற எடம். அந்த ஓட்டையில காத்து சும்மா ஊதிகினே கெடக்குது பாருங்க. பச்ச ஒடம்புல காத்து பட்டா ஜன்னி கண்டுடும். எதையாச்சும் வச்சி அடச்சிட்டுப் போங்களேன்."

டவுன்ஷிப்பில் வெண்டிலேட்டரை அடைப்பது ஒன்றும் அதிசயமில்லை. சுரங்கத்தை ஒட்டிய பிளாக்குகளில் கரித்தூசிக்குப் பயந்து பாதி வீட்டில் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். எனக்கும் பர்னர் அணையாமல் இருந்தால் சரி. கீசர் வந்த பெட்டியையே கிழித்து, அளவு பார்த்து அட்டை வெட்டினேன். ஞானவேல் அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி நின்று நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். சுடர் ஆடாமல் நின்று எரிந்தது. அமுதாக்கா காபி கொடுத்தார்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கீசர் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். குளியலறைக்கு வெளியே மாட்டு, புகை வெளியே போகக் குழாய் வை, வெண்டிலேட்டரை மூடாதே, காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது என்று சொன்னார்கள். நான் நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் குவார்ட்டர்ஸ் சுவரில் குழாய்க்கு ஓட்டை போட வேண்டுமானால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், யார் அலைவது என்று எல்லா வீட்டிலும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போகப்போக நோட்டில் எழுதியது மறந்துவிடுகிறது. வாசனையே இல்லாத ஒன்று மூக்கு மெக்கானிக்குக்குப் பெரிதாகவும் படவில்லை.

பதினைந்து நாள் கழித்து அமுதாக்காவிடமிருந்து போன் வந்தது. போனேன். சுகன்யா கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குளிச்சிட்டு வந்தா தல கிறுகிறுன்னு வருதுங்கறா அண்ணே. தலைக்கு ஊத்தற அன்னிக்கு ரொம்ப அதிகம். எனக்குங்கூட தலவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குது. கேஸு கீஸு லீக்காவுதா, உங்க மூக்கால பாத்து சொல்லிடுங்க" என்றார் அமுதாக்கா.

குளியலறைக்குள் நின்று முகர்ந்தேன். ஒன்றுமில்லை. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழ் இல்லை. கீசரைப் போட்டேன். சுடரின் நுனி மஞ்சளாக இருந்தது, கீசரின் மேல்தகட்டில் லேசாகக் கரி பிடித்திருந்தது. சிலிண்டர் தீரப்போகிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு திறந்தே இருந்தது, இரண்டு நிமிடம்கூட எரியவிடவில்லை. தலைக்கு மேலே இருந்த அட்டையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அடுத்தவன் ஒட்டியிருந்தால் பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் ஒட்டியது என்பதால் அது எனக்குச் சுவரோடு சுவராகிவிட்டது.

"லீக் கிடையாதுக்கா. தலைக்கு ஊத்துனா நீர் கோத்துக்கும். ஈரத்தோட இருக்க விடாதீங்க" என்று வைத்தியம் வேறு சொன்னேன்.

"லீக் இல்லன்னு நீங்க சொன்னாப் போதும். இப்பத்தான் நிம்மதி" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தலைவலி. ஒருத்தி பிள்ளை பெற்றவள், இன்னொருத்தி அவளைக் குளிப்பாட்டுகிறவள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த அறை மட்டும்தான். அதிக நேரம் உள்ளே இருக்கிற அன்றைக்குத் தலைவலியும் அதிகம். இதை அந்த அம்மா தன் வாயாலேயே எனக்குச் சொல்லிவிட்டார். லீக் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்று சொன்னேன், கேட்ட கேள்விக்குப் பதில் சரிதான். கேட்கத் தெரியாமல் கேட்கிறவர்களுக்குக் கேள்வியையும் சேர்த்து யோசிக்கத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஞானவேல் அண்ணன் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மெக்கானிக், எங்க இருக்கீங்க? சுகன்யா பாப்பா குளிக்கற எடத்துல வுழுந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு வந்துட்டோம். கை காலு வெட்டிகினே இருக்குது, நெனப்பு இல்ல. கேஸு ஏதாவது லீக்கான்னு டாக்டர் கேக்குறாரு. வூட்டுக்குப் போயி பாத்து ஒடனே சொல்லுங்க. சாவி பக்கத்து வூட்ல இருக்குது."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. நடந்ததை அவர்தான் சொன்னார். அன்றைக்குத் தலைக்கு ஊற்றுகிற நாள். நடுவில் குழந்தை அழுதிருக்கிறது. அமுதாக்கா எழுந்து வந்திருக்கிறார். மகளுக்குக் காற்று படக்கூடாதென்று குளியலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். உள்ளே கீசர் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் சுகன்யா சுவரில் சாய்ந்து கிடந்திருக்கிறாள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியிருக்கிறார்.

"அந்தம்மாவும் வாசல்லயே வாந்தி எடுத்துட்டாங்க. அவங்களுக்கும் நிக்க முடியல" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

உள்ளே போனேன். வாசனை இல்லை. அண்டாவில் வெந்நீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அட்டையின் நடுவில் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. நோட்டில் எழுதியது அத்தனையும் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

பிறகு நான் செய்ததை என் மனைவியிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். டேப்பை உரித்து, அட்டையை எடுத்து, இரண்டாக மடித்து டூல் பைக்குள் வைத்தேன். ஜிப்பை மூடினேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பாத்துட்டேண்ணே. லீக் எதுவும் இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லா பாத்தேண்ணே."

அவர் அந்தப் பக்கம் திரும்பி, "கேஸு இல்லியாம் சார்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் கிடையாது.

சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மெயின் ரோட்டு ரவுண்டானா பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். வேலை போகும், போலீஸ் வரும், பிளாக்கில் ஒருவர் முகத்திலும் விழிக்க முடியாது, இதெல்லாம்தான் மனதில் ஓடியது. அந்தப் பெண்ணின் ஞாபகம் அப்புறம்தான் வந்தது. வரிசையை மாற்றி எழுத எனக்கும் ஆசைதான். பிரசவித்தவள், பிரசவ ஜன்னி கண்டு வலிப்பு வந்திருக்கும், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வாசலில் வாந்தி எடுத்த அமுதாக்கா அதற்குள் மனதில் வந்து நின்றார். பிரசவ ஜன்னி பெற்றவளுக்கு வரும், அவள் அம்மாவுக்கு எப்படி வரும்? டாக்டருக்குத் தெரியாத ஒன்று என் பைக்குள் மடித்துக் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அவர் வேறு வைத்தியம் செய்வார். அவருக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணமே நான் சொன்ன பதில்தான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பத்தே கால். கேஷுவாலிட்டி வாசலில் ஒரு நர்ஸம்மா, என் வயதுதான் இருக்கும், மருந்துத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். கேஸ் மெக்கானிக் என்றேன்.

"லீக் இல்லன்னு சொன்னது நீங்கதானா?"

"லீக் இல்லிங்க. ஆனா இது இருந்திச்சி" என்று அட்டையை எடுத்து விரித்தேன். "வெண்டிலேட்டர்ல. நான்தான் ஒட்டுனேன். உள்ள கேஸ் கீசர்."

அவர் கரியைத் தொட்டு விரலைப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார். கீசர் பெட்டியின் அட்டை அல்லவா, அந்தப் பக்கம் எச்சரிக்கை அச்சடித்திருந்தது. காற்றோட்டம் இல்லாத அறையில் பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்திலும், கீழே படமாகவும் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் வெளியே பார்க்க ஒட்டியிருந்தேன்.

"இத எப்ப கழட்டுனீங்க?"

"ஒம்பதே முக்கா இருக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். கதவு இடுக்கில் அவர் குரல் கேட்டது. "சார், வெரல்ல மாட்டுன கிளிப்ப நம்பாதீங்க சார். நல்லா காட்டும். இது மோனாக்சைடு. அம்மாவுக்கும் இருக்கு." அதுவரை விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வாயு இருந்தால் சாதாரண கிளிப் ஏமாந்துபோகுமாம். உடனே இரண்டு பேருக்கும் முழு ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுகன்யாவை மாஸ்க்கோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

நர்ஸம்மா திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டார். "அவங்க அப்பா அங்க நிக்கிறாரு. நீங்களே போயி சொல்லுங்க. நான் சொன்னா நீங்க சொன்னதா ஆவாது" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. மொத்தமே அஞ்சாறு வாக்கியம் பேசினார், அவ்வளவுதான்.

ஞானவேல் அண்ணன் லுங்கியோடு வந்திருந்தார், காலில் செருப்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை ஒளித்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஸ்டூல புடிச்சிகினு நின்னது நான்தானே" என்றார். பிறகு ஆம்புலன்ஸ் பக்கம் நடந்துவிட்டார்.

சுகன்யா பிழைத்தாள். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தாள் என்று கேள்விப்பட்டுக் கோயிலுக்குப் போய் வந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் மற்றது தொடங்கியது. சொன்னதையே சொன்னாள். சாப்பிட்டதை மறந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, கொடுத்தோமா என்று கேட்டாள். மூளை கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, இந்த வாயுவில் சில பேருக்கு இப்படி நாள் கழித்து வரும் என்றார்கள். நான் தாமதித்த அந்த அரைமணி நேரம் இல்லாமலிருந்தால் சரியாகியிருக்குமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அவர்கள் என்மேல் புகார் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. நானே ஏஜென்சியில் சொன்னேன். கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு நான் போன வீட்டில் எல்லாம் முதலில் நிமிர்ந்து பார்த்தேன். கீசரை வெளியே மாட்டினால் மாட்டுவேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பேப்பர் ஒட்டியிருந்தால் கேட்காமலே கிழித்தேன். தூசி வருகிறது என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். மூக்கு மெக்கானிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும். மஞ்சள் சுடரைப் பார்த்தால் சிலிண்டர்மேல் பழியைப் போடாதீர்கள். தலைவலி என்றால் எத்தனை பேருக்கு, எந்த அறையில், வெளியே வந்தால் குறைகிறதா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் அணைத்து, திறந்து, ஆளை வெளியே கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் கீசர் என்ற வார்த்தையை நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

போன தை மாதம் வடலூர் பஸ் ஸ்டாண்டில் அமுதாக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் சுகன்யா. மூன்றாவது படிக்கிற பேத்தி அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவை விட்டால் எங்காவது போய்விடுவாள் என்று அவளுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அமுதாக்கா என்னைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா அண்ணே என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

"நீங்க யாரு அங்கிள்?" என்றாள் சுகன்யா. அதே சிரிப்பு.

கேஸ் மெக்கானிக் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அமுதாக்காவும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

"உங்க வூட்ல கீசர் மாட்டுனவம்மா. குளிக்கற எடத்துல காத்து வராம அட்ட ஒட்டுனது நான்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியா. ரொம்ப நன்றி அங்கிள். பச்ச ஒடம்புக்குக் காத்து ஆவாதுன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

அமுதாக்கா கடலூர் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் எதுவும் வரவில்லை. பேத்தி என்னை ஒருமுறையும் அவள் அம்மாவை ஒருமுறையும் பார்த்தாள்.

"நீங்க யாரு அங்கிள்?" என்றாள் சுகன்யா.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.